இருபதாம் தேதியோடு தீர்ந்துபோகும் மளிகைப் பணம்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒவ்வொரு மாதமும் மளிகைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எடுத்து வைக்கிறேன். ஒன்றாம் தேதி மொத்தமாகச் சாமான் வாங்கி வந்தாலே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அப்புறம் நடுநடுவே சின்னச் சின்னதாக ஏதாவது வாங்கி, இருபதாம் தேதிக்குள் கை காலி. மீதி நாட்களைக் கிரெடிட் கார்டில் ஓட்டுகிறேன். அடுத்த சம்பளத்தில் கார்டுக்குக் கட்டியதும் மறுபடியும் துண்டு விழுகிறது. நோட்டில் எழுதிப் பார்த்தேன், போனில் ஆப் போட்டும் பார்த்தேன். கணவர் வேலை முடிந்து வரும் வழியில் எதையாவது வாங்கி வருகிறார், கேட்டால் சண்டை. மாமியார் எதுவும் தீர்ந்துவிடக் கூடாது என்று எப்போதும் கூடுதலாகவே வாங்கச் சொல்கிறார். கடைசி வாரத்தில் என் சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொள்கிறேன், அது யாருக்கும் தெரியாது. வருமானத்தில் எத்தனை சதவீதம் மளிகைக்கு ஒதுக்க வேண்டும்? எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லையா?

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம். கடைசி வாரம் உங்கள் சாப்பாட்டைக் குறைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உடம்புக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். அதோடு இதில் கணக்குப் பிரச்சினையும் இருக்கிறது. நீங்கள் சாப்பிடாமல் விடுவதால் அந்த வாரச் செலவு இருக்க வேண்டியதைவிடக் குறைவாகத் தெரிகிறது, அதை வைத்து அடுத்த மாதத் தொகையையும் குறைவாகவே போடுகிறீர்கள், மறுபடியும் போதாமல் போகிறது. ஐந்து பேருக்கான செலவை நான்கரைப் பேருக்கு மதிப்பிட்டுக்கொண்டே இருந்தால் எந்த நோட்டும் எந்த ஆப்பும் உதவாது. இன்றைக்கே உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். குற்றம் சொல்வதாக இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதாமாதம் தொகை எடுத்து வைக்கிறீர்கள், எழுதிப் பார்க்கிறீர்கள், கார்டுக்கு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். குடும்பச் செலவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் உங்களைப் போன்றவர்கள்தான் அதிகம், அவர்களில் பெரும்பாலோரிடம் நான் பார்ப்பது ஒரே சிக்கல்: தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. "இதற்குள் முடித்தால் நன்றாக இருக்கும்" என்று மனதில் வந்த ஓர் எண்ணை எடுத்து வைத்திருப்பார்கள். அது ஆசை. பட்ஜெட் என்று அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த எண்ணுக்கும் வீட்டில் உண்மையில் ஆகும் செலவுக்கும் தொடர்பே இருக்காது.

அதனால் முதல் வேலை சிக்கனம் இல்லை, அளப்பது. போன மூன்று மாத வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, கடைகளில் போனது எவ்வளவு என்று மாதவாரியாகக் கூட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தது நினைவில் இருக்கும் அளவுக்கு, கணவர் வழியில் வாங்கி வந்தது, மாமியார் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கச் சொன்னது, இருபதாம் தேதிக்கு மேல் கார்டில் தேய்த்தது எல்லாம் உள்ளே வர வேண்டும். கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வீட்டின் இன்றைய மளிகைச் செலவு. பார்க்கும்போது திக்கென்று இருக்கும். பரவாயில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் பணம்தானே, புதிதாக எதுவும் போகவில்லை.

ஒரு விஷயத்தில் பயப்படாதீர்கள். இருபது நாளில் பணம் தீர்கிறது என்றால் முப்பது நாளைக்கு ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றும். அது சரியில்லை. ஒன்றாம் தேதி வாங்கிய தானியம், எண்ணெய், சோப்பு எல்லாம் இருபதாம் தேதியன்றும் அலமாரியில் கொஞ்சம் இருக்கும், சிலது அடுத்த மாதத்துக்கும் வரும். பணம் சாமானாக மாறி நிற்கிறது, அவ்வளவுதான். கையில் பணம் தீர்வதும் வீட்டில் சாமான் தீர்வதும் வேறு வேறு நாட்களில் நடக்கின்றன. உங்கள் உண்மையான பற்றாக்குறை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் எவ்வளவு என்பது மூன்று மாதத்தைக் கூட்டினால்தான் தெரியும்.

அடுத்து, எத்தனை சதவீதம் என்ற கேள்வி. யாராவது எல்லோருக்கும் பொதுவாக ஒரு சதவீதம் சொன்னால் அதை நம்பி வீட்டை நடத்தாதீர்கள். 1857லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்: வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும், வருமானம் ஏற ஏற உணவுக்குச் செலவிடும் பணம் கூடினாலும் அதன் பங்கு குறையும். இன்றைக்கும் பொருளியலில் இதை எங்கெல் விதி என்றுதான் சொல்கிறார்கள். ஆக, உங்கள் பக்கத்து வீட்டில் பத்தில் ஒரு பங்கு போதுமாக இருக்கலாம், உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தேவைப்படலாம், இரண்டு வீட்டிலும் யாரும் ஊதாரி இல்லை. வளரும் பிள்ளைகள் இருக்கிறார்களா, மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து போகிறதா வெளியே வாங்குகிறார்களா, யாருக்காவது மருத்துவர் சொன்ன தனி உணவு இருக்கிறதா, இவற்றை வைத்துத்தான் தொகை அமையும்.

சரி, சராசரி கையில் வந்துவிட்டது. இனி அதை அப்படியே ஒரே தொகையாக வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் "மளிகை" என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று விதமான செலவுகள் ஒளிந்திருக்கின்றன, அவை வேறு வேறு வேகத்தில் ஓடுபவை. காய், பழம், பால், முட்டை போல இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வாங்க வேண்டியவை ஒன்று. தானியம், பருப்பு, எண்ணெய், மசாலாப் பொருள் போல மாதக் கணக்கில் வைத்துக்கொள்பவை இன்னொன்று. மூன்றாவது, சாப்பாடே இல்லாதது: துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், பற்பசை, ஷாம்பு, குப்பைப் பை. ஒரே கடையில் ஒரே பில்லில் வருவதால் இவையும் மளிகையாகிவிட்டன. பில்லை எடுத்து இந்த மூன்றாவது வகையை மட்டும் ஒருமுறை தனியாகக் கூட்டிப் பாருங்கள், பலரும் இந்த இடத்தில்தான் முதல்முறையாக அதிர்கிறார்கள். சாப்பாட்டில் கை வைக்காமல் குறைக்கக்கூடிய இடமும் பெரும்பாலும் இதுதான்.

இந்த மூன்றையும் பிரித்துவிட்டால், முதல் வகைக்கு மட்டும் வாரப் பணம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மாதப் பணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் தேதி பெரிய பில் போடும்போது வாரப் பணத்தைத் தொடவே கூடாது. உங்கள் மாதம் உடைவது இருபதாம் தேதி இல்லை, ஒன்றாம் தேதிதான். பை நிறையப் பணம் இருக்கும் நாளில் எது அவசியம் எது வேண்டுமானால் என்ற வித்தியாசம் மங்கிவிடுகிறது, மீதி இருபத்தொன்பது நாளுக்கான காய்கறிப் பணம் அன்றைக்கே பாக்கெட் தின்பண்டமாகவும் இரண்டாவது ஷாம்பு பாட்டிலாகவும் மாறி வண்டியில் ஏறிவிடுகிறது.

வாரப் பணத்தை எப்படிப் பிரிப்பது? இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் மாதத் தொகையை நான்கால் வகுக்கிறார்கள், இது தவறு. பிப்ரவரியைத் தவிர எந்த மாதத்துக்கும் நான்கு வாரம் மட்டும் கிடையாது, இரண்டு மூன்று நாள் மிஞ்சும். வருடத்துக்கு 52 வாரமும் ஒரு நாளும். நான்கு நான்காகப் பிரித்தால் பதின்மூன்று "மாதம்" வரும், சம்பளமோ பன்னிரண்டுதான். ஓர் உதாரணம்: மாதத்துக்கு 5,200 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 1,300. ஆனால் 5,200ஐப் பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுத்தால் 1,200தான் வரும். வாரத்துக்கு 100 கூடுதலாகச் செலவழித்துக்கொண்டே, ஏன் கடைசி மூன்று நாள் இழுக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அதோடு, ஒவ்வொரு வருடமும் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். சனிக்கிழமை கடைக்குப் போகிற வீடு என்றால் அந்த மாதங்களில் ஐந்து முறை போவீர்கள். நாட்காட்டியில் அந்த மாதங்களை இப்போதே வட்டம் போட்டு வையுங்கள், அவை வரும்போது அதிர்ச்சி இருக்காது.

வாரம் எந்தக் கிழமை தொடங்க வேண்டும் என்றால், நீங்கள் வழக்கமாக அதிகம் வாங்கும் நாளில் தொடங்கட்டும். வாரத்தின் கடைசியில் பெரிய செலவு வந்தால் அதற்குள் பணம் கரைந்திருக்கும். தொடக்கத்திலேயே வந்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும், மற்ற ஆறு நாளும் அதற்குள் நடப்பது சுலபம். வாரப் பணத்தை முடிந்தால் ரொக்கமாகவே எடுத்து வையுங்கள். முடியாதென்றால் தனிக் கணக்கிலோ வாலட்டிலோ போட்டு அதிலிருந்து மட்டும் கொடுங்கள். 2001ல் ட்ராசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை வைத்து ஓர் ஏலம் நடத்திப் பார்த்தார்கள். கார்டில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், பணமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட நிறையவே அதிக விலை கேட்டார்கள். அதே டிக்கெட்தான். கையிலிருந்து நோட்டு போகும்போது தெரியும் அந்தச் சுருக்கென்ற உணர்வு கார்டில் கிடையாது, உங்கள் கடைசிப் பத்து நாளும் கார்டில்தான் ஓடுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கார்டைப் பற்றி இன்னொன்று, இது அவசரமானது. மாத பாக்கியை முழுவதும் கட்டுகிறீர்களா, குறைந்தபட்சத் தொகையை மட்டுமா? கடிதத்தில் தெளிவாக இல்லை. பாக்கி வைத்திருந்தால், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கு உண்டான வட்டியில்லாத நாட்களும் போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சாப்பிட்டு முடித்த பொருளுக்கு மூன்று மாதம் கழித்தும் வட்டி கட்டுவதாக ஆகிவிடும். அதனால் இந்தச் சுழலை வெட்டுவதற்கு ஒரு மாதம் கொஞ்சம் கடினமாக நடந்துதான் ஆக வேண்டும், ஆனால் அந்தக் கடினம் உங்கள் தட்டில் விழக் கூடாது. சேமிப்பு ஏதாவது இருந்தால் அதிலிருந்து கார்டு பாக்கியை ஒரேயடியாக அடைத்துவிட்டு, மாதாமாதம் சேமிப்புக்குத் திருப்பிப் போடுங்கள். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கார்டு வட்டி பல மடங்கு. சேமிப்பு இல்லையென்றால் பாக்கியை ஐந்தாறு பங்காகப் பிரித்து, மளிகையோடு கலக்காமல் "கடன்" என்று தனித் தலைப்பில் கட்டுங்கள். மளிகைக்கு அந்தக் கார்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

லிஸ்ட் எழுதுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஹாலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் வீட்டில் ஏற்கெனவே இருப்பதும் வரும், இல்லாதது விட்டுப்போகும். அலமாரியைத் திறந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, நின்றுகொண்டே எழுத வேண்டும். முதலில் இருப்பதை வைத்து இந்த வாரம் என்ன சமைக்கலாம் என்று யோசித்து, அதற்குக் குறைவதை மட்டும் எழுத வேண்டும். ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள், ஐந்து நாள் போதும். ஒரு நாள் மிச்சம் மீதியை வைத்து ஓடும், ஒரு நாள் எதிர்பாராதது ஏதாவது வரும். ஏழு நாளும் இறுக்கமாகப் போட்டவர்கள் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த லிஸ்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், கடை என்ற இடமே ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. வாங்குகிறவர் இந்தப் பக்கம் நிற்பார், லிஸ்டைக் கடைக்காரரிடம் கொடுப்பார், அவர் எடுத்துக் கொடுப்பார். 1916ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே உள்ளே நடந்து தானே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். கையில் கூடை கனத்தால் மக்கள் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, 1937ல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடை உரிமையாளர் சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் போகும் கடை இந்த இரண்டும் சேர்ந்தது: எல்லாப் பொருளையும் கடந்து நடக்க வேண்டும், கனமும் தெரியாது. அதனால் வார வாங்கலுக்கு வண்டியை எடுக்காதீர்கள், கூடையை எடுங்கள். கை வலிக்கும்போது கூடையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பீர்கள். மறந்துபோன ஒரே ஒரு பொருளுக்காக நடுவில் கடைக்குப் போவதையும் கூடியவரை தவிருங்கள், அந்த ஒரு பொருளோடு மட்டும் திரும்பி வருவது யாருக்கும் லேசில் முடிகிற காரியம் இல்லை. உங்கள் கடிதத்தில் வரும் "சின்னச் சின்னதாக" என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

விலையைப் பார்க்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். பல கடைகளில் விலைச் சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் போனில் விலையை எடையால் வகுத்தால் வந்துவிடும். விலை ஏறாமல் பாக்கெட் மட்டும் இளைத்துக்கொண்டே வருவது இப்போது சர்வ சாதாரணம். 500 கிராம் பாக்கெட் அதே விலையில் 450 கிராமாக மாறினால் எடை பத்து சதவீதம்தான் குறைந்திருக்கிறது, ஆனால் நீங்கள் கிலோவுக்குக் கொடுக்கும் விலை பதினொரு சதவீதத்துக்கும் மேல் ஏறிவிட்டது. ஆறு மாதம் முன்பு போட்ட தொகை இப்போது ஏன் போதவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

ஆஃபர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவர்களே இங்கே தடுமாறுகிறார்கள். "20 சதவீதம் கூடுதல்" என்பதும் "20 சதவீதம் தள்ளுபடி" என்பதும் ஒன்றில்லை. கூடுதலாகக் கொடுத்தால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் தள்ளுபடி பதினேழு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றையும் உபயோகித்தால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. மூன்றாவது கெட்டுப்போனால் இரண்டைச் சாதாரண விலைக்கு வாங்கியதாகத்தான் அர்த்தம். பெரிய பாக்கெட் கிலோவுக்குக் கால் பங்கு மலிவு என்று வாங்கி அதில் கால் பங்கைத் தூக்கிப் போட்டால் லாபம் பூஜ்யம், அதற்கு மேல் வீணானால் நஷ்டம். நான் சொல்லும் விதி இதுதான்: கெடாத பொருள், வீட்டில் தவறாமல் தீரும் பொருள், லிஸ்டில் எப்படியும் இருக்கும் பொருள், மூன்றும் பொருந்தினால் ஆஃபரில் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீணாவது என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கைப்படி, 2022ல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் அறுபது சதவீதம் வீடுகளில். வீடுகளில் வீணாவது மட்டும் ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ, தோல், எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இதில் அடக்கம். ஓட்டல்களும் கடைகளும்தான் அதிகம் வீணாக்குகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு வாரம், குப்பைக்குப் போகும் உணவை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். என்ன பொருள், ஏன் போனது, அவ்வளவுதான். யாரையும் கேள்வி கேட்க வேண்டாம். ஒரே பொருள் இரண்டு முறை அந்தத் தாளில் வந்தால் அதை அடுத்த வாரம் பாதி அளவு வாங்குங்கள். இதைச் செய்த வீடுகளில் சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலேயே செலவு குறைவதைப் பார்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையும் சரியாகப் படியுங்கள். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்று இருந்தால் அது சுவை, மணம், தரம் பற்றியது. பிரிக்காமல் சரியாக வைத்திருந்தால் அந்தத் தேதி தாண்டியதாலேயே உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. "இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்" என்பது பாதுகாப்பு பற்றியது, அதைத் தாண்டினால் எறிந்துவிடுங்கள், மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் விளையாட வேண்டாம். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை "முதலில் தீர்க்க வேண்டியவை" என்று ஒதுக்கிவிட்டால் பிள்ளைகள்கூட அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இனி வீட்டு மனிதர்கள். உங்கள் கணவர் வழியில் வாங்கி வருவதை நிறுத்தச் சொல்லி வெற்றி பெற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, நிறுத்த வேண்டியதும் இல்லை. அவர் வீட்டுக்கு எதையாவது கொண்டுவர வேண்டும் என்ற பிரியத்தில் வாங்குகிறார், நீங்கள் கணக்கு உடைகிற பயத்தில் கேட்கிறீர்கள், இரண்டுமே நியாயம். வாரப் பணத்திலேயே ஒரு சிறு பங்கை அவர் பெயரில் ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் என்ன வாங்கினாலும் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, அதற்கு மேல் போனால் அவர் கைப்பணம். உங்களுக்கும் அதேபோல ஒரு பங்கு வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதக் கூட்டலைச் செய்யும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் கூட்டி முடித்து எண்ணைக் காட்டினால் அது குற்றச்சாட்டு மாதிரி இருக்கும், அவரே கூட்டினால் அது வீட்டு விஷயமாக இருக்கும்.

மாமியாரிடம் வேறு வழி. எதுவும் தீர்ந்துவிடக் கூடாது என்பவர்களுக்குப் பெரும்பாலும் தீர்ந்துபோன காலம் ஒன்று நினைவில் இருக்கும். அந்தப் பயத்தை வாதம் செய்து போக்க முடியாது. மாத இருப்புப் பொருட்களில் எது எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று அவரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். "அத்தை, இந்த அளவுக்கு வந்ததும் சொல்லுங்கள், அன்றைக்கே லிஸ்டில் ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யவும் வேண்டும். இருப்பு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் இரண்டு மடங்கு வாங்கச் சொல்லும் தேவை அவருக்குத் தானாகக் குறையும். அலமாரியில் என்ன இருக்கிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், அந்த அறிவு வீணாகப் போகிறது.

விருந்தாளி, பிறந்தநாள், விசேஷம் இதெல்லாம் மாத மளிகைக்குள் வரவே கூடாது. போன வருடம் இவற்றுக்குச் சமையல் சாமான் செலவு தோராயமாக எவ்வளவு ஆனது என்று பார்த்துப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் தனியாகப் போட்டு வையுங்கள். எந்த மாதம் என்று தெரிந்த செலவை எதிர்பாராத செலவு என்று சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு வருகிறேன். முதல் மாதம் ஒன்றுமே குறைக்காதீர்கள். சராசரித் தொகையையே வைத்து, பிரித்து, வாரப் பணமாக நடத்திப் பாருங்கள். மாதக் கடைசியில் உங்கள் தட்டில் சாப்பாடு முழுதாக இருக்க வேண்டும், மளிகைக்குக் கார்டு வெளியே வராமல் இருக்க வேண்டும், இந்த இரண்டும் நடந்தால் முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாம் மாதம் ஐந்து சதவீதம் குறைத்துப் பாருங்கள், அதுவும் சோப்பு, தின்பண்டம், வீணாவது இவற்றில் இருந்து. ஒரே அடியாக முப்பது சதவீதம் குறைக்கிறேன் என்று இறங்கினால் மூன்றாவது வாரம் உடையும், உடைந்ததும் மறுபடியும் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். ஆறு மாதத்துக்கொரு முறை மறுபடியும் கூட்டிப் பார்த்துத் தொகையைத் திருத்துங்கள், விலை ஏறியிருந்தால் தொகையும் ஏறத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் கழித்தும் போதவில்லை என்றால், அந்தத் தொகையில் உங்கள் வீட்டை நடத்த முடியாது என்று பொருள். அப்போது மளிகையைக் கிள்ளிக்கொண்டிருக்காமல் வாடகை, கடன் தவணை, போன், சந்தா, வண்டிச் செலவு என்று மற்றத் தலைப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் பேச வேண்டும். மளிகை எப்போது வேண்டுமானாலும் சுருக்கக்கூடியதாகத் தெரிவதால் எல்லாப் பற்றாக்குறையும் அதன் தலையில் விழுகிறது, அங்கிருந்து நேராக அம்மாவின் தட்டுக்குப் போகிறது. அப்படி மற்றத் தலைப்புகளையும் பார்க்க வேண்டி வந்தால் அந்த விவரங்களோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வார இறுதியில் வாரப் பணத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதை அடுத்த வாரத்தோடு சேர்க்காமல் கார்டு பாக்கிக்குக் கட்டிவிடுங்கள். பாக்கி தீரும்வரை இப்படி. தீர்ந்த பிறகு அதே மிச்சத்தைத் தனியாகச் சேர்த்து, ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம்.